பற்றாத மோட்டாருக்குப் பிறகு திறக்காத பாராசூட்: ஒரு ராக்கெட் ஏவுதலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஒரு வற்றிய ஏரிப்படுகையில் நடந்த விஷயம் இது. அங்கே பொழுதுபோக்காக ராக்கெட் விடுகிற குழுக்கள் இப்படிப்பட்ட இடத்தைத்தான் தேடிப் போவார்கள். மரம் இல்லை, மின்கம்பி இல்லை, தீப்பிடிக்கக் காய்ந்த புல்லும் இல்லை, தட்டையாக வெடித்துக் கிடக்கும் களிமண் தரை மட்டும்தான். குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். அன்று ஏவுதல் மேசையில் உதவிக்கு இருந்தேன், பிறகு குழு நடத்திய பரிசீலனையிலும் உட்கார்ந்தேன், அதை வைத்து எழுதுகிறேன். யாருக்கும் காயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துவார்கள், ஒவ்வோர் எழுத்து ஏறும்போதும் மொத்தக் கணத்தாக்கின் (சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கினால் வருவது) உச்சவரம்பு இரட்டிப்பாகும். ஜி வரை மாடல் ராக்கெட், ஹெச்சிலிருந்து 'ஹை பவர்'. ஹெச், ஐ வாங்க முதல் நிலைச் சான்று வேண்டும். ஜே, கே, எல் என்றால் இரண்டாம் நிலை, அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. அன்று பறந்தது ஜே மோட்டார், அதாவது 640 முதல் 1280 நியூட்டன்-விநாடி வரையிலான வகை. ஏவியவர் இரண்டாம் நிலைச் சான்று பெற்றவர், பல ஆண்டுகளாகக் குழுவில் இருப்பவர். புதியவர் செய்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

1957-இல் ஸ்புட்னிக் பறந்த காலத்தில் அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டுக் கொட்டகையில் தாங்களே எரிபொருள் கலந்து குழாயில் அடைத்து, கையையும் கண்ணையும் இழந்தார்கள். நெப்ராஸ்காவில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலும், ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைனும் அதற்கு மாற்றாகத் தொழிற்சாலையில் செய்த மோட்டார், கனமில்லாத உடல், எழுதிவைத்த பாதுகாப்பு விதிகள் என்று ஒரு வழியைக் கொண்டுவந்தார்கள். அந்த விதிகளின் வழிவந்தவைதான் இன்றும் கடைப்பிடிக்கப்படுகின்றன. மோட்டார் வெடிப்பது இன்னமும் நடக்கும், ஆனால் ஏவுதளத்தில் நான் அதிகம் பார்ப்பது வேறு: மேலே நன்றாகப் போய், இறங்கும்போது பாராசூட் திறக்காமல் வருவது. இந்த ஆய்வும் அதைப் பற்றித்தான்.

ராக்கெட்டும் அதன் மீட்பு அமைப்பும்

நான்கு அங்குல விட்டம், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், ஃபைபர்கிளாஸ் உடல், ஏவும்போது 4.1 கிலோ எடை. மோட்டாரின் சராசரி உந்துவிசை எடையைப்போல எட்டு மடங்கு இருந்தது. விதிப்படி மூன்று மடங்கு போதும், கவனமானவர்கள் ஐந்து கேட்பார்கள், ஆக அந்தப் பக்கம் குறையே இல்லை. கணினிக் கணிப்பின்படி உச்சி உயரம் சுமார் 1300 மீட்டர்.

மீட்பு இரண்டு கட்டம். உச்சியில் ஒரு சிறு பாராசூட், 'ட்ரோக்' என்பார்கள், வெளியே வரும். அதில் வேகமாக இறங்கி, தரையிலிருந்து 150 மீட்டரில் பெரிய பாராசூட் விரியும். உச்சியிலேயே பெரியதைத் திறந்தால் காற்று அதைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. இரண்டையும் வெளியே தள்ளுவது சில கிராம் கருமருந்து. அதைப் பற்றவைப்பது இ-மேட்ச் என்ற மின்திரி. எப்போது பற்றவைப்பது என்று முடிவு செய்வது காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணிக்கும் ஒரு சிறிய ஆல்ட்டிமீட்டர்.

அந்த ஆல்ட்டிமீட்டரின் சுவிட்ச் உடலுக்குள்ளே இருக்கும் ஒரு திருகு. பக்கவாட்டில் உள்ள துளை வழியாகச் சிறிய ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்ப வேண்டும். ராக்கெட் ஏவுமேடையில் நிமிர்ந்து நிற்கும்போதுதான் அதைப் போட வேண்டும், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை அதற்குள் நுழைப்பது இதற்கும் பிறகு, கடைசி வேலை. போட்டதும் ஆல்ட்டிமீட்டர் தன் அமைப்புகளைப் பீப் ஒலியில் சொல்லிவிட்டு, இரண்டு மின்திரிகளும் இணைப்பில் இருந்தால் மூன்று மூன்று பீப்பாக அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆல்ட்டிமீட்டர் ஒன்றுதான். ஜே மோட்டாரின் தலைப்பக்கத்திலும் கருமருந்து வைக்க ஓர் இடம் உண்டு, எரிந்து முடிந்து குறிப்பிட்ட விநாடிகளுக்குப் பிறகு அது தானாக வெடித்து ட்ரோக்கைத் தள்ளும். ஏவியவர் அதைக் காலியாக விட்டிருந்தார். தாமத நேரம் தப்பிப்போய், ராக்கெட் இன்னும் வேகமாகப் போகும்போதே வெடித்தால் பாராசூட்டைக் கட்டிய கயிறு உடலைக் கிழித்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான், பலரும் அப்படிச் செய்கிறார்கள். ராக்கெட்டைச் சோதித்த பாதுகாப்புப் பொறுப்பாளரும் அதை ஏற்றுக்கொண்டார்.

காலை: மைதானமும் காற்றும்

கார்களும் கூடாரங்களும் மேற்கே, மண்சாலைப் பக்கம். ஏவுமேடைகள் அவற்றுக்குக் கிழக்கே. ஜே மோட்டாருக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச தூரம் 100 அடி, அதாவது 30 மீட்டர். எங்கள் மேடை 60 மீட்டரில் இருந்தது. விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வான்வெளி அனுமதி கையில் இருந்தது, மேகமே இல்லை. காலையில் கிழக்கிலிருந்து மெல்லிய காற்று, மானியில் மணிக்கு 8 கிலோமீட்டர்.

இந்த அமைப்பில் காற்றின் திசைதான் முக்கியம். துடுப்பு வைத்த ராக்கெட், மேடையில் அதைத் தாங்கி வழிகாட்டும் ரெயிலை விட்டதும் காற்று வரும் பக்கமாகத் தலையைத் திருப்பும். வேகம் குறைவாகக் கிளம்பினாலோ, காற்று பலமாக இருந்தாலோ இன்னும் அதிகமாகத் திருப்பும். பாராசூட் விரிந்தால் ராக்கெட் காற்று போகும் திசையில் மிதந்து போய் விழும். விரியாவிட்டால் காற்று வந்த பக்கத்திலேயே, ஏறக்குறைய ஏறிய வளைவைத் தொடர்ந்து, மூக்கு கீழாக வந்து குத்தும். காலையில் காற்று கிழக்கிலிருந்து வந்ததால் ஆபத்தான பக்கம் கிழக்கு, அங்கே ஆளே கிடையாது. மேற்கே ஆட்களிடம் வந்து சேர்ந்தவை எல்லாம் பாராசூட்டில் மெதுவாக இறங்கியவை.

மதியத்துக்கு மேல் காற்று மேற்கிலிருந்து வீச ஆரம்பித்தது. அந்தப் பாலைவனத்தில் அது வழக்கம்தான். மானி 22, சில வீச்சுகளில் 26 காட்டியது. விதியின் உச்சவரம்பு மணிக்கு 20 மைல், கிலோமீட்டரில் 32. ஆக, வேகத்தைப் பொறுத்தவரை ஏவலாம். ஆனால் ஆபத்தான பக்கம் இப்போது கார்கள் நிற்கும் பக்கம்.

ஏவுதல் கட்டுப்பாட்டாளர் இதைக் கவனித்தார். மேடைகளை முழுக்க இடம் மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும் என்பதால், ரெயில்களைக் கிழக்குப் பக்கம் சில பாகை சாய்த்து வைக்கச் சொன்னார். செங்குத்திலிருந்து 20 பாகை வரை சாய்க்க விதியில் இடமிருக்கிறது. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு பாதுகாப்பு முழுவதும் அந்தச் சில பாகைச் சாய்வை நம்பித்தான் இருந்தது, இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் முயற்சி: பற்றவில்லை

ஏவியவர் தன் நண்பருடன் மேடைக்குப் போனார். நண்பர் சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படிக்க, இவர் செய்தார்: ரெயிலில் ஏற்று, நிமிர்த்து, சாய்வைப் பூட்டு, சுவிட்சைத் திருப்பு, பீப் எண்ணு, இக்னைட்டரை நுழை, கம்பிகளைக் கவ்வு. எல்லாம் முறையாக நடந்தது.

ஐந்து, நான்கு என்று எண்ணி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் மோட்டாரின் வாயில் சிறு புகை வந்தது, அவ்வளவுதான். கட்டுப்பாட்டாளர் பாதுகாப்புச் சாவியை (அது இல்லாமல் பொத்தான் வேலை செய்யாது) உருவிக் கையில் வைத்துக்கொண்டார். கடைசி முயற்சியிலிருந்து 60 விநாடி யாரும் நெருங்கக் கூடாது என்பது விதி. உள்ளே எங்காவது கனன்றுகொண்டிருந்தால் தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம். கட்டுப்பாட்டாளர் அதைவிடவும் அதிகமாகவே காத்திருந்தார்.

அப்புறம், பற்றாத மோட்டாரிடம் ஒருவர் மட்டுமே போக வேண்டும் என்ற குழுவின் வழக்கப்படி ஏவியவர் மட்டும் போனார். ஆபத்து இருந்தால் ஒருவருக்குத்தானே இருக்கட்டும் என்பதற்காக வைத்த வழக்கம். பட்டியல் நண்பரின் கையில், மேசையிலேயே இருந்துவிட்டது.

அவர் ஏவுகம்பிகளைக் கழற்றினார், ஆல்ட்டிமீட்டரை அணைத்தார், பிறகு ரெயிலைத் தரைக்குச் சாய்த்தார். இந்த வரிசையும் சரியே. உயிருள்ள கருமருந்தோடு ராக்கெட்டைக் கிடத்தினால் அதன் மூக்கு யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்ததில் இக்னைட்டர் எரிந்திருந்தது, ஆனால் ஒட்டிய டேப் விட்டுப்போய் அது கீழே நழுவி வந்திருந்தது. எரிபொருளின் மேல்முனை வரை போயிருந்தால்தான் இந்த வகை மோட்டார் ஒழுங்காகப் பற்றும். புதியதை உள்ளே விட்டு, முனை வரை தள்ளி, இந்த முறை டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டி, ரெயிலை நிமிர்த்திப் பூட்டினார், கம்பிகளைக் கவ்வினார், திரும்பி வந்தார்.

வரிசையில் இன்னும் மூன்று ராக்கெட்டுகள் காத்திருந்தன. காற்று ஏறுகிறது, வரம்பைத் தாண்டினால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று மேசையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கும்.

இரண்டாம் முயற்சி

பற்றியது. அருமையான கிளம்பல், நேராக ஏறி, பிறகு மேற்கே வளைய ஆரம்பித்தது. சாய்த்து வைத்த ரெயிலிலிருந்து கிளம்பியதுபோல் தெரியவில்லையே என்று கட்டுப்பாட்டாளருக்கு அப்போதே தோன்றியதாம். பிறகு ரெயிலைப் போய்ப் பார்த்தபோது அது செங்குத்தாகப் பூட்டியிருந்தது. கிடத்தி நிமிர்த்தியதில் சாய்வு போய்விட்டது, 60 மீட்டருக்கு அப்பால் இருந்து சில பாகை யார் கண்ணுக்கும் தெரியாது.

உச்சியில் வழக்கமாக ஒரு சிறு வெண்புகை தெரியும், சில விநாடி கழித்து 'டப்' என்ற சத்தம் வந்து சேரும். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. கட்டுப்பாட்டாளர் காத்திருக்கவில்லை. உச்சியைத் தாண்டி மூக்கு கீழே திரும்பியது தெரிந்த உடனேயே மைக்கில் 'ஹெட்ஸ் அப்', அதாவது மேலே பாருங்கள் என்று கத்தினார், கையை நீட்டித் திசையைக் காட்டிக்கொண்டே இருந்தார். தரையைத் தொட அதற்கு இன்னும் பதினைந்து விநாடிக்கு மேல் இருந்தது. 150 மீட்டரில் பெரிய பாராசூட்டாவது வரும் என்ற நம்பிக்கையில் பேசாமல் இருந்திருந்தால் கிடைத்திருப்பது ஓரிரு விநாடிதான்.

ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் எழுந்து நின்று ராக்கெட்டைத் தேடிப் பிடித்து, விரலை நீட்டியபடி கண்ணை எடுக்காமல் நின்றார்கள். சிலர் எங்கே வருகிறது என்று பார்க்காமலேயே ஓடினார்கள். துணிக்கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் அங்கேயே குனிந்துகொண்டது. கூடாரத் துணி வெயிலை மறைக்கும், மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் வரும் மூன்றரைக் கிலோ ஃபைபர்கிளாஸை எப்படித் தடுக்கும்? வானத்தை மறைப்பதால் அங்கே இருப்பது வெட்டவெளியில் நிற்பதைவிட மோசம். நம்மை நோக்கி நேராக வரும் ராக்கெட் நகராத புள்ளியாகத்தான் தெரியும், அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். நகர்வது தெரிந்தால் அது வேறெங்கோ போகிறது என்று அர்த்தம்.

மேடைக்கும் கார்களுக்கும் நடுவே, கடைசிக் காரிலிருந்து சுமார் 25 மீட்டரில் குத்தியது. துடுப்புகள் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தன.

விழுந்த பிறகு

குழு இந்தக் கட்டத்தை நன்றாகக் கையாண்டது. ஓடிப்போய்ப் பிடுங்க நினைத்த இரண்டு பேரைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் நிறுத்தினார். பாராசூட் வரவில்லை என்றால் கருமருந்து வெடிக்கவில்லை, அதாவது அது இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஆல்ட்டிமீட்டர் உயிரோடு இருந்தால் தோண்டும்போது கை பட்டு, அழுத்தம் மாறி வெடிக்கலாம். ஏவுதல் முழுவதையும் நிறுத்திவிட்டு, அவரும் ஏவியவரும் மட்டும் கண்ணாடி, கையுறையோடு போனார்கள். பீப் கேட்கிறதா என்று காது கொடுத்தார்கள், கேட்கவில்லை. உடலைச் சுற்றி மண்ணைத் தோண்டி, துளை வழியாகப் பார்த்தபோது திருகு அணைந்த நிலையில் இருந்தது. மின்கலத்தைத் துண்டித்து, மின்திரிக் கம்பிகளை வெட்டி, கருமருந்தை வெளியே எடுத்த பிறகுதான் மற்றவர்களை வரச் சொன்னார்கள்.

ஆல்ட்டிமீட்டர் பலகை உடைந்துவிட்டதால் அதன் பதிவைப் படிக்க முடியவில்லை. ஆனால் அந்த வகைத் திருகு மோதலில் தானாகச் சுழலாது. அணைத்தார், மறுபடி போடவில்லை. ஏவியவரும் அதை அங்கேயே ஒப்புக்கொண்டார். முதல் முறை போட்டது, பீப் எண்ணியது எல்லாம் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. அந்த நினைவே இரண்டாம் முறைக்கும் சேர்த்துப் போதும் என்று மனம் எடுத்துக்கொண்டிருக்கிறது. சமைக்கும்போது நடுவில் போன் வந்தால், உப்புப் போட்டது நேற்றா இன்றா என்று குழம்புவோமே, அதே கதைதான்.

பரிசீலனையில் பேசியது

மறந்துவிட்டார் என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அப்படிச் செய்யாதது நல்லது. முதல் முயற்சியில் இல்லாமல் இரண்டாம் முயற்சியில் மட்டும் மறதி ஏன் வந்தது என்று பார்த்தால், ஒவ்வொன்றும் பாதுகாப்புக்காகச் செய்த ஒரு காரியத்தின் பின்விளைவு. ஆல்ட்டிமீட்டரை அணைத்தது பாதுகாப்புக்காக, ரெயிலைக் கிடத்தியதும் அதே காரணத்துக்காக, அதில் சாய்வு போனது. தனியாகப் போனதும் அதற்காகத்தான், அதனால் பட்டியல் படிக்க ஆள் இல்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. பற்றாத மோட்டாரை நெருங்கும் வரை என்ன செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. நெருங்கிய பிறகு ராக்கெட்டை மறுபடி பறக்கத் தகுதியாக்குவது எப்படி என்று எங்களிடம் எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை.

தூரம் பற்றியும் காரசாரமாகப் பேசினோம். 30 மீட்டர் கேட்கிறார்கள், நாம் 60 வைத்திருந்தோம், அப்புறம் என்ன என்று ஒருவர் கேட்டார். அந்தத் தூரம் மேடையிலேயே மோட்டார் வெடித்தால் துண்டுகள் ஆளைத் தொடாமல் இருக்க வைத்தது. 1300 மீட்டர் உயரத்திலிருந்து திரும்பி வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே காப்பாற்றுவது காற்றைப் பார்த்து மைதானத்தை அமைப்பதும், ரெயிலின் சாய்வும், கண்ணும்தான். பல பேர், அனுபவசாலிகள் உட்பட, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

மோட்டார்த் தலையில் காப்புக் கருமருந்து வைத்திருந்தால் ட்ரோக் வெளியே வந்திருக்கும், வேகம் பாதியைவிடக் குறைந்திருக்கும். ஏவியவர் தன் காரணத்தை மறுபடி சொன்னார். கணக்கிட்ட உச்சிக்கு ஒன்றிரண்டு விநாடி கழித்து வெடிக்கும்படி தாமதத்தை வெட்டி வைத்தால் அவர் பயந்த கிழிசல் வர வாய்ப்பு குறைவு என்று மற்றவர்கள் காட்டினார்கள். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது ஆல்ட்டிமீட்டர்தான் சரியான வழி என்றார். இரண்டு தரப்பு சொன்னதும் சரியே. ஆனால் இரண்டுமே இல்லாமல் பறப்பது கூடாது.

மாற்றியவை

பற்றாத ராக்கெட்டின் பறத்தல் அட்டை, அதாவது அதன் விவரங்களை எழுதிய அட்டை, பாதுகாப்பு மேசைக்குத் திரும்பி வரும். இக்னைட்டர் மாற்றியதும் பட்டியலை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும், நடுவிலிருந்து தொடரக் கூடாது. தனியாகப் போகும் வழக்கத்தை விடவில்லை, ஆனால் பட்டியலை மேசையிலிருந்து ஒருவர் வாக்கி-டாக்கியில் படிப்பார். பீப் ஒலியை அந்த வாக்கி-டாக்கியிலேயே கட்டுப்பாட்டாளர் கேட்ட பிறகுதான் சாவி உள்ளே போகும். இது கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரிந்தது எனக்கு, ஆனால் பழகிவிட்டது.

சுவிட்ச் துளையில் ஒரு சிவப்பு நாடா தொங்கும். ஆல்ட்டிமீட்டரைப் போட்ட பிறகு அதை உருவிக்கொண்டு வந்து மேசையில் மாட்ட வேண்டும், நாடா வராமல் எண்ணத் தொடங்குவதில்லை. நாடாவை உருவிவிட்டு சுவிட்சை மறக்கலாமே என்றால், மறக்கலாம்தான், அதற்குத்தான் பீப்.

ஹை பவர் பறக்கும்போது கூடாரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது, எல்லாரும் வெளியே வந்து நின்று பார்க்க வேண்டும், குழந்தைகளோடு பெரியவர் ஒருவர். ஒற்றை ஆல்ட்டிமீட்டர் என்றால் மோட்டார்க் காப்பு கட்டாயம். கார்களை மேடைகளுக்கு மேற்கில் நிறுத்தாமல் தெற்கில் நிறுத்துகிறோம். அந்த இடத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே வீசுவதால், எந்த நேரமானாலும் ஆட்கள் பக்கவாட்டில்தான் இருப்பார்கள். மண்சாலையிலிருந்து நடக்கும் தூரம் கூடிவிட்டது என்று கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு.

முடிவாகாமல் நிற்பது ஒன்று. காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் ஏவுதலை நிறுத்தி அமைப்பை மறுபடி பார்க்கும் அதிகாரம் யாருக்கு என்பது. கட்டுப்பாட்டாளருக்கு என்று சிலர், அவர் அப்போது எண்ணிக்கையிலும் மைக்கிலும் மூழ்கியிருப்பார், பாதுகாப்புப் பொறுப்பாளருக்கே இருக்கட்டும் என்று சிலர். இப்போதைக்கு இருவரில் யார் சொன்னாலும் நிறுத்துவது என்று வைத்திருக்கிறோம். ஏவியவர் அதே அளவில் இன்னொரு ராக்கெட் கட்டிவிட்டார், இந்த முறை இரண்டு ஆல்ட்டிமீட்டர், இரண்டுக்கும் தனித்தனி மின்கலம், தனித்தனி சுவிட்ச். மோட்டார்க் காப்பு மட்டும் இன்னும் வைக்கவில்லை, விதிப்படி அவருக்கு இப்போது அது தேவையுமில்லை.